ஒரே மெயில், மூன்று ஸ்கோர்: ஸ்பேம் வடிகட்டியை அணைத்துவிடலாமா?

12 மே, மாலை 6:20. கேள்வி, தருமபுரியிலிருந்து

அண்ணா, எங்களுடையது பட்டுக்கூடு வாங்கி விற்கிற ஆபீஸ். ஒன்பது மெயில் பெட்டி, சொந்த சர்வர், போன வருஷம் நீங்கள் கொடுத்த கான்ஃபிக் ஃபைலை வைத்துப் போட்டது. சேலத்தில் ரீலிங் யூனிட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வாராவாரம் தமிழில் விலை மெயில் அனுப்புவார். ஒரே மெயிலை மூன்று முறை அனுப்பச் சொன்னேன், பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில், ஒரு எழுத்து மாறவில்லை. ஸ்பேம் ஸ்கோர் முதலில் 1.9, அடுத்தது 4.2, மூன்றாவது 5.9, அது ஜங்க்குக்குப் போய்விட்டது. பழைய மெயில்களைப் படித்து இது ஸ்பேமா என்று ஊகிக்கும் இந்த பேய்ஸ் என்பதே குருட்டாம்போக்கு என்று நினைக்கிறேன். அதை அணைத்துவிட்டு, ஜங்க்குக்கு அனுப்பும் எல்லையை 5லிருந்து 8க்கு ஏற்றிவிடலாமா?

12 மே, இரவு 10:40

8க்கு ஏற்றாதீர்கள் தம்பி. பேய்ஸையும் இன்றைக்கு அணைக்க வேண்டாம்.

எண்ணை மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. எந்தெந்த விதி எவ்வளவு போட்டது என்ற பட்டியல் வேண்டும், மூன்று மெயிலுக்கும். டெபியன் லினக்ஸில், மெயிலை வாங்கி வடிகட்டிக்குக் காட்டும் அமாவிஸ், டேக் லெவலான 2.0க்குக் கீழே இருக்கும் மெயிலுக்கு அந்தப் பட்டியல் வரும் ஹெடரை எழுதவே எழுதாது, அதனால் 1.9 வந்த மெயிலில் பட்டியல் இருக்காது. டேக் லெவலை -999 ஆக்கி அமாவிஸை மறுபடி தொடங்குங்கள், சேலத்துக்காரரை இன்னும் மூன்று முறை அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்ப்போம்.

13 மே, காலை 6:15

ஏன் ஏற்றக் கூடாது என்று நேற்றுச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பார்ப்பது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியின் மெயில். 22 பெட்டி, வாடகை சர்வர், 2 ஜிபி நினைவகம், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைக்கும் டவ்காட், அமாவிஸுக்குள் ஸ்கோர் போடும் ஸ்பேம் அசாசின். மே பாதியிலிருந்து ஜூலை வரைக்கும் பெங்களூரா காய் லாரி லாரியாக வரும். அந்த இரண்டு மாதத்தில் வெளிநாட்டு வாங்குபவரின் ஒரு ஆர்டர் மெயில் இரண்டு நாள் ஜங்க்கில் கிடந்தால், எந்த டிரம்முக்கு எந்த லேபிள் ஒட்டுவது என்று தெரியாமல் கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். எனக்கு அது நடந்தது. பர்ச்சேஸ் பார்க்கிற அம்மா என்னைத் திட்டவில்லை, "உங்களை நம்பித்தானே ஜங்க்கைப் பார்க்காமல் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே எல்லையை 7 ஆக்கினேன்.

ஒன்பதாவது நாள், சப்ளையர் பெயரில் போலி இன்வாய்ஸ் ஒன்று 6.3 வாங்கிக்கொண்டு அக்கவுண்ட்ஸ் பெட்டிக்குள் போனது. வங்கிக் கணக்கு எண் மாறியிருப்பதைக் கணக்குப் பார்க்கிறவர் கடைசி நிமிஷத்தில் கவனித்தார், பணம் போகவில்லை. அதற்கப்புறம் எல்லையைத் தொடுவதே இல்லை. 5.0 என்பது ஸ்பேம் அசாசின் விதிகளுக்கு எடை கணக்கிட்டபோது அவர்கள் வைத்துக்கொண்ட கோடு, எடைகள் எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் நிற்கின்றன. டெபியனின் அமாவிஸ் 6.31 என்று தனியாக ஒன்று வைத்திருக்கும், நீங்கள் அதை 5க்கு இறக்கி வைத்திருக்கிறீர்கள், அது சரிதான்.

எங்கள் லேபில் கூழின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கிற பெண், ஒரே டிரம்மில் இரண்டு எண் வந்தால் முதலில் கருவியின் கண்ணாடியைத் துடைப்பார், அப்புறம் கூழின் சூட்டைப் பார்ப்பார். டிரம்மை ஒதுக்குவது பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு. எனக்கு இந்த வேலையின் வரிசை புரிந்தது அவரைப் பார்த்துத்தான்.

13 மே, மதியம் 1:30

கமெண்ட்டில் ஒருவர், ஸ்பேம் அசாசினை விட்டுவிட்டு ரிஸ்பாம்டி என்ற வேறு வடிகட்டிக்கு மாறச் சொல்கிறார். நல்ல மென்பொருள்தான், வேகமாக ஓடும், 4ல் கிரேலிஸ்ட் (அப்புறம் வா என்று திருப்புவது), 6ல் ஹெடர், 15ல் நிராகரிப்பு என்று முதலிலிருந்தே படிப்படியாக அமைத்திருப்பார்கள். ஆனால் அதுவும் ஸ்பேம் முகவரிகளை வைத்திருக்கும் அதே தடைப்பட்டியல்களைத்தான், இணையப் பெயர்களைத் தேடித் தரும் அதே டிஎன்எஸ் வழியாகக் கேட்கப் போகிறது, அதுவும் அதே மெயில்களிலிருந்துதான் படிக்கப் போகிறது. கோளாறு எங்கே என்று தெரியாமல் வீடு மாறினால் கோளாறும் கூடவே வரும். முதலில் இது முடியட்டும்.

13 மே, இரவு 9:50

தம்பி ஒரு வேலை செய்திருக்கிறார், நான் கேட்காமலேயே. மெயிலை ஃபைலாகச் சேமித்து, சர்வரில் ரூட்டாக (தலைமைப் பயனராக) நுழைந்து, ஸ்பேம் அசாசினைக் கையால் ஓட்டியிருக்கிறார். வந்தது 2.9, நான்காவது எண். "பார்த்தீர்களா அண்ணா" என்கிறார்.

இந்த இடத்தில் நானே ஒரு வாரம் இழந்திருக்கிறேன். ரூட்டாக ஓட்டினால் அது ரூட்டின் வீட்டில் இருக்கும் பேய்ஸ் நினைவைத்தான் திறக்கும். நிஜ மெயிலைப் பார்ப்பது அமாவிஸ் என்ற பயனர், அவருடைய நினைவு வேறு அடைவில் இருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மெயில்களைப் படித்தவர்கள். சோதனையை அமாவிஸ் பயனராக மாறித்தான் ஓட்ட வேண்டும். பேய்ஸுக்குக் கற்பிக்கும் எஸ்ஏ-லேர்னில் மேஜிக் டம்ப் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை இரண்டு பயனராகவும் ஓட்டிப் பாருங்கள், எத்தனை ஸ்பேம், எத்தனை நல்ல மெயில் படித்திருக்கிறது என்று சொல்லும். எனக்கு அன்றைக்கு ரூட்டில் நல்ல மெயில் 900க்கு மேல், அமாவிஸில் 41. நான் ஆசை ஆசையாகக் கற்றுக்கொடுத்ததெல்லாம் ரூட்டுக்குப் போயிருந்தது.

41 ஏன் பிரச்சினை என்றால், இரண்டு பக்கமும் தலா 200 மெயில் படிக்காமல் பேய்ஸ் வாயைத் திறக்காது. அது திறக்காவிட்டால் பேய்ஸ் புள்ளி மட்டும்தான் விட்டுப்போகும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. ஸ்பேம் அசாசினில் பல விதிகளுக்கு நான்கு எடைகள் இருக்கின்றன: வெளிப் பட்டியல்களைக் கேட்கும் நெட்வொர்க் சோதனையும் பேய்ஸும் இல்லாதபோது ஒன்று, நெட்வொர்க் மட்டும் இருந்தால் ஒன்று, பேய்ஸ் மட்டும் இருந்தால் ஒன்று, இரண்டும் இருந்தால் ஒன்று. அனுப்பும் ஐபிக்குப் பெயர் இல்லை என்று சொல்லும் ஆர்டிஎன்எஸ்_நன் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் மட்டும் இருந்தால் 1.274, பேய்ஸும் விழித்திருந்தால் 0.793. பேய்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத விதிகூட, பேய்ஸ் தூங்கினால் வேறு எண் கொடுக்கும்.

14 மே, காலை 7:05

நேற்றைய குறிப்பு முழுக்கச் சரி, ஆனால் தம்பியின் முதல் கேள்விக்கு அது பதில் இல்லை. மூன்று மெயிலையும் பார்த்தது ஒரே அமாவிஸ், ஒரே நினைவு. நான்காவது எண்ணைத்தான் நான் விளக்கினேன். மூன்றுக்கும் பட்டியல் வரட்டும்.

14 மே, இரவு 11:20

வந்துவிட்டது. புதிதாக அனுப்பியதிலும் அதே 1.9, 4.2, 5.9, வரிசை மட்டும் மாறி. மூன்று பட்டியலையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

மூன்றிலும் மாறாமல் இருப்பது: பேய்ஸ்_80 (80 சதவீதத்துக்கு மேல் ஸ்பேம் என்று பேய்ஸ் நினைப்பது), 2.0 புள்ளி. எச்டிஎம்எல் சம்பந்தப்பட்ட சில்லறை விதிகள் சேர்ந்து 2.2. மொத்தம் 4.2. ஆக நடுவில் வந்த எண்தான் அடித்தளம். 1.9 வந்ததில் டிஎன்எஸ்டபிள்யூஎல் என்ற நல்ல சர்வர் பட்டியல் மீடியம் நம்பிக்கை என்று சொல்லி 2.3 குறைத்திருக்கிறது. 5.9 வந்ததில் அந்தக் கழித்தல் இல்லை, ஆனால் மெயிலில் இருக்கும் ஒரு இணைப்பு யூஆர்ஐபிஎல் கருப்புப் பட்டியலில் இருக்கிறது என்று 1.7 கூட்டியிருக்கிறது. அந்தக் கருப்புப் புள்ளி இல்லாத இரண்டு மெயிலிலும், 1.9லும் 4.2லும், யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்று ஒரு வரி, 0.001 புள்ளியோடு.

0.001 என்றால் கண்ணில் படாது. ஆனால் மொத்தக் கதையும் அந்த வரியில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் பதில் சொல்ல மறுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இந்தப் பட்டியல்களெல்லாம் டிஎன்எஸ் வழியாகப் பதில் சொல்பவை. சின்ன சர்வருக்கு இலவசம், ஆனால் ஒரு இடத்திலிருந்து அளவுக்கு மேல் கேள்வி வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 8.8.8.8 மாதிரி பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்வியை நமக்காகக் கேட்டுத் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால், பட்டியல்காரர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் சர்வர் இல்லை, லட்சக்கணக்கான பேருக்குப் பொதுவான ஒரு வாசல். ஸ்பாம்ஹாஸ் என்ற தடைப்பட்டியல்காரர் அப்படி வரும் கேள்விக்கு 127.255.255.254 என்று ஒரு பதிலைத் திருப்பும், பொது ரிசால்வர் வழியாக வராதே என்று அர்த்தம். வாடகை சர்வர்காரர் கொடுக்கும் ரிசால்வரும் பல சமயம் இதே கதிதான், அதன் பின்னால் எத்தனை வாடகைக்காரர்கள் இருக்கிறார்களோ.

சோதனை சுலபம். ஸ்பாம்ஹாஸின் ஜென் என்ற பட்டியலில் 127.0.0.2 என்ற முகவரி சோதனைக்கென்றே எப்போதும் பட்டியலில் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டு 2.0.0.127 என்று ஜென்னிடம் டிக் கட்டளையால் கேளுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில் வந்தால் வழி நன்றாக இருக்கிறது. 127.255 என்று தொடங்கினால் வழி அடைபட்டிருக்கிறது. ஒரு தடவை கேட்டு நிறுத்தாதீர்கள், பத்துத் தடவை கேளுங்கள், ரிசால்வர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

15 மே, காலை 6:40

ராத்திரி படுத்த பின் ஞாபகம் வந்தது. பொது ரிசால்வர்தான் காரணம் என்றால் எப்போதும் மறுப்புதானே வர வேண்டும்? ஏன் ஒரு தடவை பதில், ஒரு தடவை மறுப்பு? எழுந்து போய் நான் போன வருஷம் கொடுத்த ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

அதில் டிஎன்எஸ்_ஆப்ஷன்ஸ் ரொட்டேட் என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியது.

அந்த வரி, ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் இருக்கும் டிஎன்எஸ் சர்வர்களில் அவ்வப்போது ஒன்றைச் சீட்டுக் குலுக்குவது போல எடுக்கச் சொல்லும். என் சர்வரில் 127.0.0.1 ஒன்றுதான் இருக்கிறது, அன்பவுண்ட் என்ற ரிசால்வர் உள்ளேயே ஓடுகிறது, அதனால் எனக்கு அந்த வரியால் ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் சர்வரில் இரண்டு இருக்கின்றன: 127.0.0.1, அதற்கப்புறம் பாதுகாப்புக்கென்று 8.8.8.8. 127.0.0.1 வழியாகப் போனால் பதில் வரும், 8.8.8.8 வழியாகப் போனால் மறுப்பு வரலாம். எந்தப் பட்டியல் பதில் சொன்னது, எது மறுத்தது என்பதைப் பொறுத்து 1.9, 4.2, 5.9. இரண்டும் பதில் சொல்லியிருந்தால் 4.2லிருந்து 2.3 போய் 1.7 கூடி 3.6 வந்திருக்க வேண்டும். அந்த எண் ஆறு மெயிலில் ஒரு தடவைகூட வரவில்லை.

தம்பி, தப்பு என்னுடையது. ஃபைலைக் கொடுத்தவன் எந்த வீட்டுக்குத் தைத்தது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள், டிஎன்எஸ்_சர்வர் 127.0.0.1 என்று போடுங்கள். அன்பவுண்டில் யாருக்கும் ஃபார்வர்டு பண்ணும் பகுதி இருக்கக் கூடாது, இருந்தால் அதுவும் அதே பொது வாசலுக்குத்தான் போகும். உபுண்டு என்றால் 127.0.0.53 என்ற முகவரியைப் பார்த்து உள்ளூர் ரிசால்வர் என்று நம்பிவிடாதீர்கள், அது வாங்கி அனுப்பும் ஆள்தான். வியாபார சர்வர் என்பதால் ஸ்பாம்ஹாஸில் பதிவு செய்து டிக்யூஎஸ் சாவி (உங்கள் பெயரிலேயே கேள்வி கேட்க உதவும் சாவி) ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

15 மே, மதியம் 2:10

ஒரு திருத்தம். பட்டியல் பதில் சொல்லாவிட்டால் ஸ்பேம் உள்ளே வரும், நல்ல மெயிலுக்கு ஆபத்தில்லை என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிதான் சரி. நல்ல பட்டியலும் அதே வழியில்தான் வருகிறது, அது மௌனமானால் நல்ல மெயிலுக்குக் கிடைக்க வேண்டிய 2.3 கிடைக்காது, அதன் ஹை நம்பிக்கைக்கு 5.0 வரை கழியும், அதுவும் போகும். அடைபட்ட டிஎன்எஸ் இரண்டு பக்கமும் குத்தும்.

17 மே, இரவு 10:00

தம்பி மாற்றிவிட்டார். இப்போது ஐந்து தடவை அனுப்பி ஐந்திலும் 3.6.

3.6 நிம்மதி தரும் எண் இல்லை என்கிறார், உண்மை. அதில் 1.7 கொடுக்கும் இணைப்பு என்ன என்று தேடச் சொன்னேன். சேலத்துக்காரரின் கையெழுத்தில், அவர் எப்போதோ கைவிட்ட வெப்சைட் முகவரி இருக்கிறது. டொமைனை அவர் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ எடுத்து மருந்து விற்கிறார்கள். பட்டியல் சொன்னது சரிதான். போன் பண்ணிச் சொன்னதும் அவரே எடுத்துவிட்டார், 1.9 ஆனது. வடிகட்டி அவருக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது, அதைக் குருடு என்று அணைத்திருந்தால் அந்த முகவரி இன்னும் அவருடைய எல்லா விலை மெயிலிலும் போய்க்கொண்டிருக்கும்.

18 மே, காலை 6:30

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். நேற்றுச் சாயந்திரம் இங்கே காற்றும் மழையும், தோப்புகளில் காய் உதிர்ந்து கிடக்கிறது, ஃபேக்டரியில் யாருக்கும் மெயில் பார்க்க நேரமில்லை, எனக்கு நேரம் கிடைத்தது.

காலையில் வந்த ஸ்பேமை ராத்திரி மறுபடி ஓட்டிப் பார்த்து, அப்போது 3 வந்தது இப்போது 9 வருகிறதே என்று பயப்பட வேண்டாம். இடையில் பட்டியல்கள் அதைப் பிடித்திருக்கும். ஸ்பேம் கூட்டம் புது ஐபியிலிருந்து கிளம்பும் முதல் சில நிமிஷம் யாருக்கும் தெரியாது. கிரேலிஸ்டிங் உதவுவதும் இதனால்தான், முதல் தடவை அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினால், அது வருவதற்குள் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். பழைய மெயிலை ஒப்பிடுவதானால் நெட்வொர்க் சோதனையை நிறுத்தி உள்ளூர் விதிகளை மட்டும் ஓட்டுங்கள்.

இன்னொன்று, விதிகளே மாறும். எஸ்ஏ-அப்டேட் புது விதிகளைக் கொண்டுவந்து வைக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அமாவிஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும், மறுபடி தொடங்கும் வரைக்கும். கட்டளையில் ஓட்டினால் புதுசு, நிஜ மெயிலுக்குப் பழசு, இரண்டு எண். அதற்காக அப்டேட்டை நிறுத்தக் கூடாது. 2010 ஜனவரி 1 அன்று நடந்ததைச் சொல்கிறேன்: மெயிலின் தேதி ரொம்ப தூர எதிர்காலத்தில் இருந்தால் சந்தேகப்படு என்று ஒரு விதி, அதை எழுதியபோது 2010 முதல் 2099 வரை எதிர்காலம் என்று வைத்துவிட்டார்கள். 2010 பிறந்ததும் உலகத்தில் எல்லா நல்ல மெயிலுக்கும் அந்த ஒரு விதியே மூன்று புள்ளிக்கு மேல் போட்டது. உடனே திருத்தம் வந்தது, ஆனால் எஸ்ஏ-அப்டேட் ஓடாத சர்வர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

21 மே, இரவு 11:45

இப்போது பேய்ஸ்_80. இதைத்தான் நான் உண்மையில் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சேலத்துக்காரரின் மெயில் சுத்தமான தமிழ், கூடு கிலோ என்ன விலை, எத்தனை கிலோ வேண்டும், செவ்வாய்க்கிழமை வண்டி அனுப்புகிறேன். அதை 80 சதவீதத்துக்கு மேல் ஸ்பேம் என்று பேய்ஸ் ஏன் நினைக்கிறது? என் சர்வரிலும் இதே நோய் இருந்தது. போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்து மாங்காய் ஏஜென்ட்டுகள் தமிழில் எழுதினால் பேய்ஸ்_80, அதே ஆள் அதே விஷயத்தைத் தங்கிலீஷில் எழுதினால் பேய்ஸ்_00, அதாவது 1.9 கழித்தல். தமிழில் எழுதுகிறவருக்கு 2 புள்ளி அபராதம், எழுதாதவருக்குப் பரிசு. இது எனக்கு மனசு ஆறவில்லை, உட்கார்ந்து ஸ்பேம் அசாசின் 3.4 வரிசையின் நிரலைப் படித்தேன்.

பேய்ஸ் மெயிலைச் சொல் சொல்லாக வெட்டி, ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் எத்தனை தடவை, நல்ல மெயிலில் எத்தனை தடவை என்று எண்ணி வைக்கும். ஒரு சொல் 15 பைட்டுக்குள் இருந்தால் முழுசாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 15 பைட் என்றால் 15 எழுத்து, பெரும்பாலான சொற்கள் அடங்கிவிடும். யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், அதிலும் கொம்பும் புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடு. வணக்கம் என்பது ஏழு குறியீடு, 21 பைட். மாம்பழம் எட்டு, 24. தருமபுரி எட்டு, கிருஷ்ணகிரி இன்னும் நீளம். ஐந்து குறியீட்டுக்கு மேல் போனால் எல்லை தாண்டிவிடும். தாண்டிய சொல்லை அது முழுசாக வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு குறியீடாக உதிர்த்துவிடும். வணக்கம் என்ற சொல் போய் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஆகிவிடும்.

பணம், கடன், விலை, உடனே மாதிரி சின்னச் சொற்கள் நான்கே குறியீடு, 12 பைட், அவை முழுசாகத் தப்பிக்கும். இந்த நான்கும் கடன் கொடுக்கிறேன் என்று வரும் தமிழ் ஸ்பேமிலும் உண்டு, சேலத்துக்காரர் மெயிலிலும் உண்டு.

மிச்சம் இருப்பது உதிர்ந்த எழுத்துகள். ககரமும் புள்ளியும் எல்லாத் தமிழ் மெயிலிலும் இருக்கும், அதில் நல்லது கெட்டது என்ன தெரியும்? அந்தப் பெட்டி எந்தத் தமிழை அதிகம் படித்ததோ அதன் பக்கம் மொத்தத் தமிழும் சாய்ந்துவிடும். எங்கள் ஆட்கள் தமிழ்க் கடன் ஸ்பேமை ஒழுங்காக ஜங்க்கில் போட்டார்கள், அது ஸ்பேமாகக் கற்பிக்கப்பட்டது, 60 வரை. தமிழ் நல்ல மெயிலை நல்லது என்று யாரும் கற்பிக்கவில்லை, ஜங்க்குக்குப் போகாத மெயிலை யார் தொடப் போகிறார்கள்? ஆக ககரமே ஸ்பேம் ஆகிவிட்டது.

22 மே, காலை 7:20

ஒருவர் கேட்டிருக்கிறார், பழைய எழுத்துருவான பாமினியில் தட்டி அனுப்பும் மெயில் என்ன ஆகும் என்று. இன்னும் இரண்டு ஏஜென்ட் எனக்கும் அப்படி அனுப்புகிறார்கள். பாமினி உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் என்பதால் ஒரு எழுத்து ஒரு பைட், சொல் பெரும்பாலும் முழுசாக நிற்கும், மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி வருவதால் அந்த மாதிரி இடத்தில் வெட்டுப்படும். பேய்ஸுக்கு அது யூனிகோடைவிட நன்றாகப் புரிகிறது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் யாரையும் பழைய எழுத்துருவுக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

24 மே, இரவு 10:30

முதலில் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். டிஎன்எஸ் ஒரு நோய், பேய்ஸ் இன்னொரு நோய் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை, ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போட்டிருக்கிறது.

ஸ்பேம் அசாசின் தானாகவும் கற்றுக்கொள்ளும். பேய்ஸைச் சேர்க்காமல் போட்ட கணக்கில் 0.1க்குக் கீழே வந்தால் நல்ல மெயில் என்று தானே படிக்கும், 12.0ஐத் தொட்டால் ஸ்பேம் என்று படிக்கும், ஸ்பேமுக்குத் தலைப்பிலிருந்து 3, உடலிலிருந்து 3 புள்ளியாவது வேண்டும் என்று கூடுதல் நிபந்தனை. இப்போது யோசியுங்கள், பட்டியல்கள் பதில் சொல்லாத நாளில் ஒரு ஸ்பேம் வருகிறது, எழுத்து சுத்தமாக இருக்கிறது, 0.0 வாங்குகிறது. வடிகட்டி அதை நல்லது என்று படித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் அதன் தம்பி வந்தால் பேய்ஸே 1.9 கழித்து வரவேற்கும். தமிழ் நல்ல மெயிலோ எச்டிஎம்எல் சில்லறையால் பெரும்பாலும் 0.1க்கு மேல்தான் நிற்கும், தானாகப் படிக்கும் வாய்ப்பு அதற்குக் குறைவு.

என் சர்வரில் முன்பு வாடகை சர்வர்காரரின் பொது ரிசால்வர் எட்டு மாதம் ஓடியது. எட்டு மாதம் அடைபட்ட காதோடு படித்த பாடம் அது. அதைத் திருத்தப் பார்த்துப் பார்த்து முடியாமல், பிரதி எடுத்து வைத்துவிட்டு நினைவை முழுக்க அழித்தேன், தானாகக் கற்பதை நிறுத்தினேன். அப்புறம் 22 பேரிடமும் போய், கற்பிக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் பழைய தமிழ் மெயில்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். சம்பள விஷயம், வீட்டு விஷயம் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டேன், அடுத்தவர் மெயிலைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. 340 தமிழ் மெயில் கிடைத்தது. ஆங்கிலம், தங்கிலீஷ் சேர்த்து நல்லது 700, ஸ்பேம் 600. அமாவிஸ் பயனராகத்தான் கற்பித்தேன், இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்து.

தம்பி, வரிசை இதுதான்: டிஎன்எஸ் முதலில், அது சரியாகி ஒரு வாரம் ஆன பிறகு நினைவை அழிப்பது, அப்புறம் கற்பிப்பது. மாற்றிச் செய்தால் புதுப் பாடமும் கெடும்.

29 மே, இரவு 9:15

சுருக்கமாக ஒன்று. இன்னொரு நண்பர் இதே சோதனையைச் செய்து, டிஎன்எஸ் சரியாக இருந்தும் எண் நகர்கிறது என்கிறார். அவரிடம் ஏடபிள்யூஎல் திறந்திருக்கிறது. அது அனுப்புநரின் பழைய சராசரியைப் பார்த்து இன்றைய எண்ணைப் பாதி தூரம் அதன் பக்கம் இழுக்கும். சராசரி 6, இன்று 2 என்றால் 4 ஆகும். ஒரே ஆள் ஒரே மெயிலை அனுப்ப அனுப்பச் சராசரியும் நகரும், எண்ணும் நகரும். 3.3 வரிசையிலிருந்து அது தானாக ஓடாது, பழைய கான்ஃபிக்கைச் சுமந்து வந்தவர்களிடம்தான் இருக்கும். சோதிக்கும்போது மூடி வையுங்கள், அதே மாதிரி வேலை செய்யும் டிஎக்ஸ்ரெப் வைத்திருப்பவர்களும் அப்படியே.

7 ஜூன், காலை 6:10

தருமபுரித் தம்பி 230 நல்ல மெயில் சேர்த்துவிட்டார், அதில் 150 தமிழ். ஸ்பேம் 170தான் இருக்கிறதாம், இன்னும் 30 வந்தால்தான் பேய்ஸ் விழிக்கும். ஸ்பேமுக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். யாரிடமாவது ஸ்பேம் தொகுப்பு வாங்கிப் போட்டுவிடலாமா என்கிறார். வேண்டாம், வேறு ஊர் ஸ்பேம் உங்கள் பெட்டிக்கு வருகிற ஸ்பேம் இல்லை. பொறுங்கள். அது வரைக்கும் ஆர்டிஎன்எஸ்_நன் மாதிரி விதிகள் பெரிய எடையில் நிற்கும், எண்கள் கொஞ்சம் கூடத் தெரியும், பதற வேண்டாம்.

18 ஜூன், இரவு 11:00

தம்பியின் பேய்ஸ் விழித்துவிட்டது. சேலத்து மெயிலுக்கு இப்போது பேய்ஸ்_00. 1.9லிருந்து பேய்ஸ்_80 கொடுத்த 2.0 போய், மேலே இன்னொரு 1.9 கழிந்து, -2.0. மூன்று நாள் மூன்று மெயில், மூன்றிலும் அதே எண்.

இங்கே பெங்களூரா வரத்து உச்சத்தில் இருக்கிறது, ராயக்கோட்டை ரோடு முழுக்க டிராக்டர். ஊத்தங்கரை ஏஜென்ட் ஒருவர் இன்று மதியம் முதல் தடவையாகத் தமிழில் எழுதினார், "நாளைக்கு ரெண்டு லோடு வருது, கேட்டில் சொல்லிவிடுங்க" என்று, இரண்டே வரி. 0.4 வாங்கி நேராக இன்பாக்ஸுக்குப் போனது. பர்ச்சேஸ் அம்மா பதிலும் போட்டுவிட்டார். அந்த மெயிலைக் கற்பிக்கும் ஃபோல்டரில் போடலாமா என்று நாளைக்கு அவரிடம் கேட்க வேண்டும்.